75 ஹெர்ட்ஸை மறுத்தது யார்? ஒரு மானிட்டர் சிக்கலின் நிகழ்வு ஆய்வு

மானிட்டர் வந்த பெட்டியின்மேல் 2560×1440 (பிக்சல் அளவு), 75 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 75 படங்கள்) என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. கணினியின் டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்தால் 1920×1080, 60 ஹெர்ட்ஸோடு பட்டியல் முடிந்துவிட்டது. புத்தகப் பக்க வடிவமைப்பும் நிரல் எழுதுவதுமாக இருக்கும் தோழி ஒருவர் என்னிடம் கொண்டுவந்த சிக்கல் இது. எழுத்தெல்லாம் மங்கல், நிறம் வெளுத்துக் கிடக்கிறது என்பது அவருடைய புகார். அதற்குள், கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் கஸ்டம் ரெசல்யூஷன் பகுதிக்குள் போய், வேண்டிய எண்களைத் தட்டியும் பார்த்திருந்தார். ஒருமுறை திரை இருண்டு திரும்பியது. இன்னொரு வழியில் 2560×1440 பட்டியலில் வந்தது, தேர்ந்தெடுக்கவும் முடிந்தது, ஆனால் மங்கல் போகவில்லை. “மானிட்டரே பழுதா? திருப்பிக் கொடுத்துடலாமா?” என்று கேட்டார்.

மானிட்டரில் பழுது எதுவும் இல்லை. கடைசியில் புதிதாக ஒரு பொருளும் வாங்காமலே சிக்கல் தீர்ந்தது. இருந்தும் இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. கஸ்டம் ரெசல்யூஷன் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை, எந்தக் கட்டத்தில் எந்த எண்ணை இட வேண்டும் என்பதோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் நாம் இடுவது ஒரு விண்ணப்பம்தான். டிரைவர், போர்ட், அடாப்டர், கேபிள், மானிட்டரின் நுழைவு, பேனல் என வழியில் இருக்கும் அத்தனை பேரும் கையெழுத்திட்டால்தான் அது நிறைவேறும். மறுத்தவர் யார் என்று தெரியாதவரை எண்களை மாற்றி மாற்றித் தட்டுவது வீண் உழைப்பு. அவர் யார் என்பதைப் பெரும்பாலும் ஒரு பெருக்கல் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

கையில் இருந்தவை

ஒரு மேசைக் கணினி. அதன் கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு எச்டிஎம்ஐ 2.0 போர்ட்டும் சில டிஸ்ப்ளேபோர்ட்களும் உண்டு. பழைய 1920×1080 மானிட்டர், கார்டின் எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒரு நீளமான கேபிள் வழியாக இருந்தது. புதிய 27 அங்குல மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் நுழைவு கிடையாது, இரண்டு எச்டிஎம்ஐ நுழைவுகள் மட்டுமே, இரண்டும் 1.4 தரத்தவை. அதனால் கார்டின் டிஸ்ப்ளேபோர்ட் ஒன்றில், வீட்டில் கிடந்த ஒரு சிறிய டிஸ்ப்ளேபோர்ட்–எச்டிஎம்ஐ அடாப்டரை மாட்டி, அதிலிருந்து ஒரு குட்டையான கேபிளைப் புதிய மானிட்டருக்குக் கொடுத்திருந்தார். கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருந்தன.

‘வந்தும் வராத’ 1440

முதலில் அந்தப் புதிரைப் பார்த்தோம்: 2560×1440 தேர்வாகியும் ஏன் மங்கல்? விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று டெஸ்க்டாப் மோடு, மற்றொன்று ஆக்டிவ் சிக்னல் மோடு. பலர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தோழியின் கணினியில் டெஸ்க்டாப் மோடு 2560×1440 என்றும், ஆக்டிவ் சிக்னல் மோடு 1920×1080 என்றும் இருந்தன. டிரைவரில் இருக்கும் மெய்நிகர் ரெசல்யூஷன் வசதியை அவர் இயக்கியிருக்கிறார். அது படத்தைப் பெரிய அளவில் வரைந்து, பின் சுருக்கி, 1080 ஆகவே கேபிளில் அனுப்பும். மானிட்டர் அதை மறுபடி இழுத்துத் தன் 1440 வரிகளில் பரப்பும். சுருக்கமும் நீட்டலுமாக இரண்டு முறை அடிபட்ட எழுத்து தெளிவாக இருக்க வழியில்லை.

இந்த இடத்தில் நம்ப வேண்டிய சாட்சி மானிட்டர்தான். மானிட்டரின் பொத்தானை அழுத்தி, அதன் சொந்த மெனுவில் தகவல் பக்கத்தைத் திறந்தால், இப்போது எந்தச் சிக்னல் உள்ளே வருகிறது என்று அதுவே சொல்லும். அங்கேயும் 1920×1080, 60 ஹெர்ட்ஸ். கணினிக்குள் இருக்கும் எந்த அமைப்புப் பக்கத்தைவிடவும் இந்த ஒரு வரி எனக்குப் பெரிது. இந்த நிகழ்வு முழுக்க ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

மெய்நிகர் வசதியை அணைத்தோம். அவர் சேர்த்திருந்த கஸ்டம் மோடுகளையும் (மோடு என்பது அளவும் வேகமும் சேர்ந்த ஒரு தேர்வு) நீக்கிப் பட்டியலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். பாதி முயற்சிகளின் மிச்சம் கிடக்கும்போது ஆய்வைத் தொடங்கினால், எது எதனால் நடந்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

பெருக்கல் கணக்கு

திரையில் தெரியும் பிக்சல்கள் மட்டும் கேபிளில் போவதில்லை. ஒவ்வொரு கிடைவரியின் முடிவிலும், ஒவ்வொரு முழுப் படத்தின் முடிவிலும் படம் இல்லாத ஓர் இடைவெளி அனுப்பப்படுகிறது. இதற்குப் பிளாங்கிங் என்று பெயர். பழைய படக்குழாய் மானிட்டர்களில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப அந்த நேரம் தேவைப்பட்டது. கற்றை போய்விட்டது, இடைவெளி தங்கிவிட்டது.

ஆகவே ஒரு மோடுக்குத் தேவையான வேகம் என்பது, இடைவெளியும் சேர்ந்த மொத்த அகலம் × இடைவெளியும் சேர்ந்த மொத்த உயரம் × ஒரு நொடிக்கான படங்கள். இதுதான் பிக்சல் கிளாக். வழக்கமான 1920×1080, 60 ஹெர்ட்ஸ் சிக்னலின் மொத்த அளவு 2200×1125. 60ஆல் பெருக்கினால் 148.5 மெகாஹெர்ட்ஸ். 2560×1440, 60 ஹெர்ட்ஸுக்கு, இந்த இடைவெளியைக் குறைத்த ‘சுருங்கிய பிளாங்கிங்’ முறையில் மொத்தம் 2720×1481. பிக்சல் கிளாக் 241.5 மெகாஹெர்ட்ஸ்.

இந்த எண்ணை வழியில் இருக்கும் ஒவ்வொன்றின் வரம்போடும் ஒப்பிட வேண்டும். டிவிஐ என்ற பழைய வீடியோ இணைப்பின் ஒற்றை இணைப்பு வகைக்கும், 1.2 வரையிலான தொடக்க கால எச்டிஎம்ஐக்கும் வரம்பு 165 மெகாஹெர்ட்ஸ். 2006இல் வந்த எச்டிஎம்ஐ 1.3 அதை 340க்கு உயர்த்தியது, 1.4உம் அதே 340தான். 2013இல் வந்த 2.0 அதை 600 ஆக்கியது. தோழியின் கார்டில் இருந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு 600, புதிய மானிட்டரின் நுழைவுக்கு 340. தேவை 241.5தான். கார்டின் எச்டிஎம்ஐ போர்ட் புதிய மானிட்டரின் வழியிலேயே இல்லை; மானிட்டரின் நுழைவும் மறுத்திருக்க முடியாது.

கணக்கு இங்கேயே பாதிப் பேரை விடுவித்துவிட்டது. பட்டியல் 148.5இல் நின்று 241.5ஐ மறுக்கிறது என்றால், 165 என்ற பழைய வரம்பு எங்கோ குறுக்கே நிற்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

மானிட்டர் தன்னைப் பற்றிச் சொன்னது

சந்தேகத்தை உறுதிசெய்ய, மானிட்டர் கணினியிடம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் தகவல் தொகுப்புதான் ஈடிஐடி. 128 பைட்டுகள் கொண்ட அடிப்படைப் பகுதி ஒன்று, எச்டிஎம்ஐ மானிட்டர்களில் கூடுதலாக இன்னொரு 128 பைட் பகுதி. கேபிளில் படம் ஓடும் கம்பிகளில் இது வருவதில்லை. அதற்கென்று தனியாக இருக்கும் இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாகக் கார்டு இதைப் படித்துக்கொள்கிறது; எச்டிஎம்ஐயில் அவை 15, 16ஆம் ஊசிகள். ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி ஈடிஐடி இருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே மானிட்டர் ஒரு நுழைவில் 75 ஹெர்ட்ஸ் என்றும், அடுத்த நுழைவில் 60 என்றும் சொல்வது அபூர்வமல்ல.

லினக்ஸுக்குள் போனால் இதைப் படிப்பது எளிது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் ஒவ்வொரு போர்ட்டின் ஈடிஐடியையும் ஒரு கோப்பாகவே வைத்திருக்கிறது. அதை ஈடிஐடி-டிகோட் என்ற கருவியில் கொடுத்தால் வாசிக்கத் தக்க வரிகளாக விரித்துத் தரும். விண்டோஸில் சிஆர்யூ என்ற கஸ்டம் ரெசல்யூஷன் யூட்டிலிட்டி அதே தகவலைக் காட்டும்.

படித்த வரையில் எல்லாம் சரியாக இருந்தது. மானிட்டர் தான் விரும்பும் மோடாக 2560×1440, 60 ஹெர்ட்ஸ், 241.5 மெகாஹெர்ட்ஸ் என்று தெளிவாக அறிவித்திருந்தது. எச்டிஎம்ஐக்கான பகுதியில் அதிகபட்ச கிளாக் 68 என்று ஒரு எண். அந்த இடத்தில் ஒவ்வொரு அலகும் 5 மெகாஹெர்ட்ஸ் என்பதால் அது 340. செங்குத்து வரம்பு, அதாவது நொடிக்கான படங்களின் எல்லை, 48 முதல் 75 ஹெர்ட்ஸ். பைட்டுகளின் கூட்டுத்தொகைச் சரிபார்ப்பும் பிசகவில்லை. அதாவது, தன்னால் 1440 காட்ட முடியும் என்று மானிட்டர் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. அந்தச் செய்தி கணினிக்கும் முழுதாக வந்து சேர்ந்திருந்தது. கர்னலின் டிபக் செய்திகளைத் திறந்து பார்த்ததில், அந்த மோடு படிக்கப்பட்டு, கிளாக் வரம்பை மீறுகிறது என்று பட்டியலிலிருந்து கழிக்கப்பட்டது பதிவாகியிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ‘மோடு வரவில்லையா, ஈடிஐடியைத் திருத்து’ என்பது பரவலாகச் சொல்லப்படும் மருந்து. ஈடிஐடி கெட்டிருந்தாலோ, குறைவாகச் சொன்னாலோ அது சரியான மருந்துதான். இங்கே ஈடிஐடி சரியாக இருந்தது. அதில் எதை எழுதிச் சேர்த்திருந்தாலும், கழித்துவிட்ட அதே கை மறுபடி கழித்திருக்கும்.

165இல் முட்டிய இடம்

மிஞ்சியது அந்தச் சிறிய அடாப்டர். டிஸ்ப்ளேபோர்ட்டும் எச்டிஎம்ஐயும் வேறு வேறு வகைச் சிக்னல்கள். ஆனால் பல கார்டுகளின் டிஸ்ப்ளேபோர்ட், தேவைப்பட்டால் எச்டிஎம்ஐ வகைச் சிக்னலையும் தானே அனுப்பும். இதை இரட்டை மோடு என்பார்கள். போர்ட்டின் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளோடு இருக்கும் சின்னம் இதற்குத்தான். அப்படி அனுப்பும்போது அடாப்டர் எதையும் மாற்றி எழுதுவதில்லை, மின்னழுத்த அளவைச் சரிசெய்து கடத்துவதோடு சரி. இத்தகைய அடாப்டர்களில் முதல் வகைக்கு வரம்பு 165 மெகாஹெர்ட்ஸ். பின்னால் வந்த இரண்டாம் வகைக்கு 300. இரண்டாம் வகை, தன் வரம்பு என்ன என்பதைக் கார்டிடம் தானே சொல்லும். அப்படி எதுவும் சொல்லாத அடாப்டரை முதல் வகை என்றே டிரைவர் எடுத்துக்கொள்ளும். 165ஐத் தாண்டும் எதையும் அனுப்பாது.

தோழியின் அடாப்டர் முதல் வகை. மறுத்தவர் அகப்பட்டுவிட்டார்.

உடனே வரும் யோசனை, 300 வரை தாங்கும் இரண்டாம் வகை அடாப்டர் ஒன்று வாங்கிவிடலாம் என்பது. 60 ஹெர்ட்ஸ் மட்டும் போதுமென்றால் அது சரி. ஆனால் 2560×1440, 75 ஹெர்ட்ஸுக்குச் சுருங்கிய பிளாங்கிங்கிலேயே மொத்தம் 2720×1492, பிக்சல் கிளாக் 304.25. வரம்பைவிட நான்கே கால் மெகாஹெர்ட்ஸ் கூடுதல்! வாங்கி வந்து மாட்டி, 60 வந்து, 75 மட்டும் வராமல் போயிருந்தால், பழியை மறுபடி மானிட்டர்மேல்தான் போட்டிருப்போம். பக்கவாட்டு இடைவெளியை இன்னும் குறைக்கும் இரண்டாம் பதிப்புச் சுருங்கிய பிளாங்கிங்கில் மொத்த அகலம் 2640 ஆகி, கிளாக் 295 அருகே இறங்கி 300க்குள் அடங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த டைமிங்கை, அதாவது இடைவெளிகளின் கணக்கை, இந்த மானிட்டர் ஏற்குமா என்பது அடுத்த கேள்வியாகிவிடும்.

அதைவிட எளிய வழி கண்முன்னே இருந்தது. பழைய மானிட்டருக்குத் தேவை 148.5 மட்டும். அது 165க்குள் வசதியாக அடங்கும். 600 தாங்கும் எச்டிஎம்ஐ போர்ட்டை அந்த மானிட்டருக்குக் கொடுத்துவிட்டு, 165 தாங்கும் அடாப்டரை 241.5 கேட்கும் மானிட்டருக்கு மாட்டியிருந்ததுதான் இந்தச் சிக்கலின் மையம். மானிட்டர்களின் பின்பக்கம் கேபிள் முனைகளைக் கழற்றி ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகினோம்.

புதிய மானிட்டரில் 2560×1440, 60 ஹெர்ட்ஸ் தானாகவே வந்தது. எந்தக் கஸ்டம் மோடும் தேவைப்படவில்லை. மானிட்டரின் தகவல் பக்கமும் அதையே சொன்னது. எழுத்து கூர்மையாகிவிட்டது.

வெளுத்த நிறமும் அதோடு சரியாயிற்று. அதற்கு வேறு காரணம். 1920×1080, 60 ஹெர்ட்ஸ் என்பது தொலைக்காட்சித் தரத்துக்கான மோடு. அதில் கறுப்பு 16, வெள்ளை 235 என்று சுருக்கிய நிற எல்லையே இயல்பு நிலை. அனுப்புகிற கார்டு சுருக்கி அனுப்ப, மானிட்டர் 0 முதல் 255 என்று நினைத்துக் காட்டினால் கறுப்பு சாம்பலாகும், வெள்ளை மங்கும். 2560×1440 அந்தத் தொலைக்காட்சிப் பட்டியலில் இல்லாததால் முழு எல்லையோடு போகிறது. 1080இலேயே இருக்க வேண்டிய கட்டாயம் இருப்பவர்கள் டிரைவரில் நிற எல்லையை முழு ஆர்ஜிபி என்று மாற்றினால் போதும்.

60 வந்தது, 75 வரவில்லை

மானிட்டரின் எச்டிஎம்ஐ ஈடிஐடியில் 75 ஹெர்ட்ஸுக்கு 1440 மோடு எழுதப்படவில்லை. செங்குத்து வரம்பு மட்டும் 75 வரை இருந்தது. ஆக, கஸ்டம் மோடு உண்மையில் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

முயற்சிக்கு முன் திரும்பி வரும் வழியை உறுதிசெய்துகொள்வது அவசியம். பழைய மானிட்டரை முதன்மைத் திரையாக மாற்றினோம். புதியது இருண்டாலும் கையாள ஒரு திரை கண்ணெதிரே இருக்கும். விண்டோஸில் ஒரு மோடை மாற்றியதும் ‘வைத்துக்கொள்ளலாமா’ என்று கேட்டு, பதில் இல்லையென்றால் சுமார் 15 நொடியில் பழையதுக்குத் திரும்பிவிடும். இருண்ட நேரத்தில் பதறி என்டர் பொத்தானைத் தட்டக் கூடாது. அது கெட்ட மோடை உறுதிசெய்துவிடக்கூடும். ஒற்றைத் திரை மட்டும் உள்ளவர்களுக்கு சேஃப் மோடு கடைசித் துணை.

டிரைவரின் கஸ்டம் பகுதியில் 2560, 1440, 75 என்று இட்டுச் சோதித்தபோது, சிக்னல் இல்லை என்ற செய்திதான் வந்தது. தோழி முகம் வாடிவிட்டார். “60 வரைக்கும்தான் போலிருக்கு” என்றார்.

அந்த முடிவுக்கு வருவதற்கு முன் அதே பக்கத்தில் கீழே டைமிங் என்றிருக்கும் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக், ஜிடிஎஃப், டிஎம்டி, சிவிடி, சிவிடி ரெட்யூஸ்ட் பிளாங்க், மேனுவல் என்று தேர்வுகள் இருக்கும். இங்கே சிவிடி தேர்வாகியிருந்தது. 2003இல், திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு வெளியிட்ட அந்தக் கணக்குமுறையின் முழு வடிவம் படக்குழாய்க்கு வேண்டிய அகலமான இடைவெளிகளை விடுகிறது. அதன்படி 2560×1440, 75 ஹெர்ட்ஸுக்கு மொத்தம் 3520×1506. பிக்சல் கிளாக் 397.25. மானிட்டர் நுழைவின் வரம்பு 340. தாண்டிவிட்டது. இதே முழு வடிவத்தில் 60 ஹெர்ட்ஸ் 312.25தான், 340க்குள் அடங்கும். அதனால்தான் 60இல் எந்த டைமிங்கைத் தேர்ந்தாலும் வேலை செய்து, 75இல் மட்டும் விழுந்து, பேனலால் முடியவில்லை என்ற தோற்றத்தைக் கொடுத்தது.

டைமிங்கைச் சிவிடி ரெட்யூஸ்ட் பிளாங்க் என்று மாற்றினோம். எல்சிடி பேனலுக்கு அந்த நீண்ட இடைவெளி தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ளும் வடிவம் இது. ஒவ்வொரு வரியிலும் இடைவெளி 160 பிக்சல்தான். 397.25 என்பது 304.25 ஆக இறங்கியது. திரையில் ஒரு பிக்சல்கூடக் குறையவில்லை. குறைந்ததெல்லாம் வெற்று இடம். மானிட்டர் ஏற்றுக்கொண்டது. தகவல் பக்கத்தில் 2560×1440, 75 ஹெர்ட்ஸ். விண்டோஸில் 74.97 என்று தெரிந்தது. பிக்சல் கிளாக்கைக் கால் மெகாஹெர்ட்ஸுக்கு முழுதாக்குவதால் வரும் வித்தியாசம் அது, பிழையல்ல.

டைமிங் பட்டியல் பலருடைய கண்ணில் படாமலே போய்விடுகிறது என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். ‘என் மானிட்டரில் 75 வரவில்லை’ என்று கைவிடப்பட்டவற்றில் எத்தனையோ, இந்த ஒரு தேர்வு மாறியிருந்தால் வந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். நிற ஆழத்தை 8 பிட்டிலிருந்து 10 பிட்டுக்கு உயர்த்தினால் எச்டிஎம்ஐயில் அனுப்பும் வேகம் கால் பங்கு கூடும். 304.25 அப்போது 380 ஆகிவிடும், 340ஐத் தாண்டிவிடும். ஆகவே இந்த மானிட்டரில் 75 வேண்டுமென்றால் 8 பிட்டில் நிற்க வேண்டும். 60இல் என்றால் 10 பிட்டுக்கும் இடமுண்டு, 302க்குள் முடிந்துவிடும்.

இடையிடையே இருண்ட திரை

75 வந்து சிறிது நேரத்தில் திரை ஒரு நொடி இருண்டு திரும்பியது. பிறகு மறுபடியும். ஒழுங்கான இடைவெளியில் இல்லை; எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை.

இதில் டிரைவரையும் மானிட்டரையும் கேபிளையும் ஒரே நேரத்தில் சந்தேகிக்கலாம். பிரித்தறிய நாங்கள் செய்தது வேகத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது. 60 ஹெர்ட்ஸில் இருட்டே இல்லை. அதே சுருங்கிய பிளாங்கிங்கில் 70 ஹெர்ட்ஸ், 283.25 மெகாஹெர்ட்ஸ், இருண்டது, ஆனால் அரிதாக. 75இல் அடிக்கடி. வேகம் கூடக்கூடச் சீராக மோசமாகும் கோளாறு பெரும்பாலும் கேபிளில் இருக்கும். மோடை ஏற்காத மானிட்டர் முழுதாக மறுத்துவிடும், இப்படி விட்டு விட்டுக் காட்டாது. எச்டிஎம்ஐயில் ஒவ்வொரு நிறத் தடத்திலும் பிக்சல் கிளாக்கைப் போல் பத்து மடங்கு பிட்டுகள் ஓடுகின்றன. 304.25இல் அது தடத்துக்கு நொடிக்கு 304 கோடி பிட்டுகளுக்கு மேல். 148.5இல் குறையின்றி உழைத்த ஒரு நீளமான கேபிள் அதைப் போல் இருமடங்கு வேகத்தில் தடுமாறுவதில் வியப்பில்லை.

முனைகளை மட்டும் மாற்றிச் செருகியதால், நீளமான கேபிள் புதிய மானிட்டருக்கு வந்துவிட்டிருந்தது. கேபிள்களையே இடம் மாற்றினோம். குட்டையான கேபிள் கார்டின் எச்டிஎம்ஐயிலிருந்து புதிய மானிட்டருக்கு. நீளமானது அடாப்டரிலிருந்து பழைய மானிட்டருக்கு. அதன் பிறகு 75இல் இருட்டு வரவில்லை. பழைய மானிட்டரும் 148.5இல் எப்போதும்போல் இருந்தது.

75 உண்மையில் 75தானா?

மானிட்டர் ஒரு சிக்னலை ஏற்பதும், அதில் வரும் ஒவ்வொரு படத்தையும் காட்டுவதும் வேறு வேறு. சில மானிட்டர்கள் 75 படங்களை உள்ளே வாங்கிக்கொண்டு, சிலவற்றை விழுங்கிவிட்டு 60 மட்டும் காட்டும். கண்ணுக்கு உடனே தெரியாது; மெனுவும் 75 என்றே சொல்லும்.

இதைப் பிடிக்கும் சோதனை எளியது. ஒரு படத்துக்கு ஒரு கட்டம் வீதம் நகரும் வெள்ளைச் சதுரத்தைத் திரையில் ஓடவிட்டு, கைப்பேசிக் கேமராவைப் பத்தில் ஒரு பங்கு நொடி திறந்திருக்குமாறு வைத்துப் படமெடுக்க வேண்டும். 75 ஹெர்ட்ஸில் ஏழு அல்லது எட்டுச் சதுரங்கள் அடுத்தடுத்து விழும். நடுவில் ஒரு கட்டம் இருட்டாக விட்டுப்போயிருந்தால் அந்தப் படம் காட்டப்படவில்லை என்று பொருள். தோழியின் மானிட்டரில் எல்லாப் படங்களிலும் இடைவெளியின்றி விழுந்தது. இந்தச் சோதனையைக் கடக்காத கஸ்டம் வேகத்தை வைத்துக்கொள்ள நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விழுங்கப்பட்ட படங்களால் வரும் தடுக்கல், சீரான 60ஐவிட மோசம்.

லினக்ஸ் பக்கம்

விண்டோஸில் சேர்த்த மோடு விண்டோஸோடு சரி. லினக்ஸில் முதலிலிருந்து செய்ய வேண்டும். சிவிடி என்ற கட்டளைக் கருவியைச் சுருங்கிய பிளாங்கிங் தேர்வோடு 75க்கு ஓட்டினால் மறுத்துவிடும். அந்தத் தேர்வு 60இன் மடங்குகளுக்கு மட்டும்தான். அந்தத் தேர்வை எடுத்துவிட்டு ஓட்டினால் அதே 397.25 வரும். ஆகவே மோடு வரியைக் கையால் எழுத வேண்டும்: பிக்சல் கிளாக் 304.25; கிடையாக 2560, 2608, 2640, 2720; செங்குத்தாக 1440, 1443, 1448, 1492; கிடை ஒத்திசைவு நேர்க்குறி, செங்குத்து ஒத்திசைவு எதிர்க்குறி. லினக்ஸில் திரையை நிர்வகிக்கும் பழைய முறையான எக்ஸ்11 சூழலில் எக்ஸ்ரேண்டர் கட்டளையால் இதைப் புது மோடாகச் சேர்த்து, போர்ட்டோடு இணைத்து, தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் என்பதால், சோதித்துப் பார்க்க இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

தோழி பயன்படுத்துவதோ எக்ஸ்11க்குப் பதிலாக வந்த புதிய முறையான வேலண்ட். அங்கே எக்ஸ்ரேண்டர் ஓடும், பட்டியலும் காட்டும், ஆனால் உண்மையான மோடுகளில் கை வைக்க அதனால் முடியாது. கட்டளை பிழைச்செய்தியோடு நின்றுபோவதைப் பார்த்து மறுபடி மானிட்டரைக் குறைசொல்வது இங்கேயும் நடக்கும். வேலண்டில் நம்பகமான வழி கர்னல் மட்டத்தில் இருக்கிறது. துவக்க வரியில் வீடியோ என்ற அளவுருவில் போர்ட்டின் பெயரையும், 2560×1440 என்ற அளவையும், அதன் பின் எம், ஆர் என்ற இரண்டு எழுத்துகளையும், வேகம் 75 என்பதையும் கொடுத்தோம். எம் என்றால் சிவிடி முறையில் கணக்கிடு, ஆர் என்றால் சுருங்கிய பிளாங்கிங். ஆர் விடுபட்டால் மறுபடி 397தான். அடுத்த துவக்கத்தில் டெஸ்க்டாப்பின் டிஸ்ப்ளே பட்டியலில் 75 வந்து உட்கார்ந்திருந்தது.

மாற்று வழியாக, திருத்திய ஈடிஐடி கோப்பு ஒன்றைக் கர்னலுக்குக் கொடுக்கலாம். அப்படிச் செய்பவர்கள் கடைசிப் பைட்டில் கூட்டுத்தொகையைச் சரிசெய்ய மறக்கக் கூடாது. 128 பைட்டுகளையும் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கிராஃபிக்ஸ் டிரைவர் துவக்கத்தின் ஆரம்பத்திலேயே ஏறும் கணினிகளில், அந்தக் கோப்பு துவக்கப் படிமத்துக்குள்ளும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோப்பு கிடைக்காமல், சத்தமின்றிப் பழைய ஈடிஐடிக்கே போய்விடும்.

மிச்சம் இருப்பது

ஒரு விஷயம் தீராமல் இருக்கிறது. இரண்டு மானிட்டர்களும் 60இல் இருந்தபோது, சும்மா இருக்கும் நேரத்தில் கார்டின் மெமரி கிளாக் கீழே இறங்கியது. ஒன்று 75, மற்றொன்று 60 என்றானபின் அது உச்சத்திலேயே நிற்கிறது. கார்டு சற்றுக் கூடுதல் சூடு. மெமரியின் வேகத்தை மாற்றும் கணத்தில் படம் சிதறாமல் இருக்க, கார்டு செங்குத்துப் பிளாங்கிங் நேரத்துக்காகக் காத்திருந்து மாற்றுகிறது. இரண்டு திரைகளும் வெவ்வேறு வேகத்தில் ஓடும்போது அவற்றின் இடைவெளிகள் ஒன்றாக அமைவதில்லை. அதனால் மாற்றாமலே மேலேயே வைத்துக்கொள்கிறது. பழைய மானிட்டரையும் 75க்குக் கொண்டுபோக முடியாது. அதற்குத் தேவையான கிளாக் சுருங்கிய பிளாங்கிங்கில் 165ஐத் தாண்டுகிறது, நடுவில் அதே அடாப்டர். பக்க வடிவமைப்பு வேலையில் உருட்டும்போது கிடைக்கும் மென்மைக்கு இந்தச் சூடு பரவாயில்லை என்று தோழி 75ஐ வைத்துக்கொண்டார். பழைய திரை தேவைப்படாத நாள்களில் அதை அணைத்துவிடுகிறார், அப்போது மெமரி கிளாக் இறங்கிவிடுகிறது.